றோபோச் சில்லுக்கு எந்த றப்பர்? ரியூப், செருப்பு, ரி.பி.யூ., சிலிக்கோன், பொலியூரித்தேன்

மோட்டருக்கும் சென்சருக்கும் மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைக்கிற றோபோப் போட்டி அணிகள்கூட, சில்லு என்று வந்தால் கடையில் கிடைக்கிற மஞ்சள் நிற 65 மி.மீ. சில்லை வாங்கி மாட்டிவிட்டுப் போய்விடுகின்றன. அந்தச் சில்லில் ரயரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நடுவைத் திருகிப் பாருங்கள். றிம் ரயருக்குள்ளேயே வழுக்கும். நிலத்தைப் பிடிப்பது இருக்கட்டும், தன் ரயரையே பிடிக்காத சில்லு அது. வகுப்பறைப் பயிற்சிக்குக் காணும்; போட்டிக்குக் காணாது.

பிடிமானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, ஒரு றோபோ மற்றதை மேடையிலிருந்து தள்ளி விழுத்தும் மினி சுமோப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். உச்ச எடை 500 கிராம், அதாவது நிலத்தை அழுத்தும் விசை 4.9 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.6 ஆக இருந்தால் எதிராளியைத் தள்ளக் கிடைப்பது 2.9 நியூட்டன், 1.1 ஆக இருந்தால் 5.4. மோட்டரை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது, சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். 30 மி.மீ. விட்டச் சில்லில், குணகம் 1 என்று வைத்தால், இரண்டு மோட்டரில் ஒவ்வொன்றும் கொடுக்கவேண்டிய முறுக்குவிசை கிட்டத்தட்ட 0.38 கிலோ-செ.மீ. மட்டுமே. மோட்டர் சுழலமுடியாமல் நின்றுபோகும்போது கொடுக்கும் உச்ச முறுக்குவிசை இதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் மோட்டர் பக்கம் பார்க்கவே தேவையில்லை. மிச்சக் காசையும் நேரத்தையும் றப்பரில் போடுங்கள்.

ஆனால் எந்த றப்பர் என்பதை றோபோ மட்டும் தீர்மானிப்பதில்லை, நிலமும் தீர்மானிக்கிறது. கோடு தொடரும் போட்டிகள் அச்சடித்த பனரிலோ வெள்ளை அடித்த பலகையிலோ நடக்கும். மண்டபத் தரை சீமெந்தாகவோ மாபிளாகவோ இருக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் செருப்போடு சேர்ந்து மண்டபத்துக்குள் வந்துவிடும். காலையில் பளிச்சென்று இருந்த பனர் மத்தியானத்துக்குள் மெல்லிய மாப்பூச்சு பூசினதுபோல் ஆகிவிடும். துப்பரவான மேசையில் முதலாவதாக வரும் றப்பர், இந்தத் தூசியில் கடைசிக்குப் போகலாம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

சைக்கிள் ரியூப்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ரியூப் கிடைக்காத சந்தி கிடையாது. ஒட்டுப்போட்டு அலுத்து எறிந்த ரியூபே காணும். ஒட்டுக்கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். பெரும்பாலானவர்கள் இதை நீளவாக்கில் பட்டியாக வெட்டி றிம்மைச் சுற்றி ஒட்டுகிறார்கள். அது பிழையான வழி. பொருத்து வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் வரும், சில நிமிடத்தில் அந்த நுனியே கிளம்பத் தொடங்கும்.

ரியூபைக் குறுக்காக வெட்டுங்கள். பொருத்தே இல்லாத வளையம் தானாகக் கிடைக்கும். தட்டையாக அழுத்திய ரியூபின் அகலத்தை அளந்து, இரண்டால் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் வளையத்தின் இயல்பான விட்டம். அகலம் 40 மி.மீ. என்றால் 25.5 மி.மீ. இதை 28 முதல் 30 மி.மீ. வரையான றிம்மில் ஏற்றினால் வளையம் 10 முதல் 18 சதவீதம் இழுபடும். அந்த இழுவையே பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். 8 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகமெடுக்கும்போது வளையம் நழுவும். 25ஐத் தாண்டினால் ஓரங்கள் சுருண்டு நடு மட்டும் நிலத்தில் படும். பெரிய சில்லுக்கு மோட்டார் சைக்கிள் ரியூபை அளந்து பாருங்கள், கணக்கு அதேதான்.

வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம், விளிம்பு பல்லுப்பல்லாக வரும். ரியூபுக்குள் இறுக்கமாகப் போகக்கூடிய பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை நுழைத்து, புது பிளேட்டை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு குழாயைச் சுழற்றினால் வட்டம் நேராக வரும். வால்வு இருக்கும் பக்கத்தையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஏற்றினால் எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். வெளிப்பக்கத்தில் ரியூபின் வார்ப்புக் கோடு ஒரு மெல்லிய வரம்பாக நிற்கும். அதை 120 இலக்க அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். சுப்பர் குளூ ஒரு சொட்டு மேற்பரப்பில் சிந்தினாலும் அந்த இடம் கண்ணாடிபோல் இறுகி, சில்லு சுற்றச் சுற்றத் தட்டும்.

குறை என்னவென்றால், ரியூப் உச்சப் பிடிமானம் தராது. ரியூப் செய்யும் பியூட்டைல் றப்பர் நடுத்தரமானது. சிலிக்கோனோடு மேசையில் பக்கத்தில் பக்கம் வைத்தால் தோற்கும். ஆனால் தூசி படிந்தாலும் அதன் பிடிமானம் மெதுவாகத்தான் குறையும், வளையம் பழுதானால் அடுத்ததை மாட்ட அரை நிமிடம். ஒரு ரியூபில் 12 மி.மீ. அகல வளையம் நூறுக்குக் குறையாமல் வரும்.

ஓ-றிங்கும் செருப்பும்

கசிவைத் தடுக்கப் போடும் வட்ட றப்பர் வளையமான ஓ-றிங்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பம்பிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் நைத்திரைல் றப்பர் ஓ-றிங் பொதுவாக ஷோர் ஏ 70 கடினம் (ஷோர் ஏ என்பது றப்பரின் கடினத்தைக் காட்டும் அளவுகோல், எண் கூடக் கூடக் கடினம் கூடும்). நிலத்தை ஒரு மெல்லிய கோடாகத்தான் தொடும். அளவு துல்லியமாக இருக்கும் என்பதால் தூரம் அளக்கும் தனிச் சில்லுக்கு நல்லது. உந்தும் சில்லுக்கு வேண்டாம்.

பழைய றப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டிச் சில்லாக்குவது சிரிப்பாகத் தோன்றலாம். மோதல் றோபோக்களுக்கு நுரைச் சில்லு நல்ல தெரிவு: எடை குறைவு, அடி விழுந்தால் உறிஞ்சும், பக்கவாட்டில் ஒரு துண்டு கிழிந்து போனாலும் ஓடும். துளையிடும் வட்டவாளால் வெட்டி, நடுவில் மோட்டர்த் தண்டு பொருந்தும் குடத்தைச் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் பசையால் ஒட்டி, துளைக்கருவியில் மாட்டிச் சுழலவிட்டு 80 இலக்க அரத்தாளைப் பிடித்தால் வட்டம் சரியாகும். கோடு தொடரும் றோபோவுக்கு மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள். நுரை எடைக்கு அமுங்குவதால் விட்டம் நிலையாக இராது.

விட்டம் என்றதும் ஒரு கணக்கு. இடச் சில்லு 32.0, வலச் சில்லு 31.8 மி.மீ. என்று வைப்போம். 1 மீற்றர் ஓடி முடிக்கும்போது இரண்டுக்கும் இடையில் 6 மி.மீ. வித்தியாசம். சில்லுகளுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி இருந்தால் றோபோ 3.6 பாகை திரும்பிவிட்டிருக்கும். கோட்டைப் பார்த்து ஓடுகிறபோது சென்சர் இதைத் திருத்திவிடும். புதிர்ப்பாதை ஓடும் மைக்ரோமவுஸுக்கு இது சுவரில் முட்டுவதற்குப் போதுமானது. அந்த விளையாட்டில் பலர் கியோஷோ மினி-ஸீ பொம்மைக் காரின் ரயரை எடுத்துத் தாங்கள் செய்த றிம்மில் போடுவதற்கு ஒரு காரணம், அவை ஒன்றுக்கொன்று அளவில் ஒத்திருப்பது.

ரி.பி.யூ. பிறின்ற்

முப்பரிமாணப் பிறின்ரர் வைத்திருக்கும் பாடசாலை அணிகளுக்கு முதலில் தோன்றுவது, றப்பர்போல வளையும் பிளாஸ்ரிக்கான இந்த ரி.பி.யூ.தான். வரைந்தபடியே வரும், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், கிழியாது. ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் ரி.பி.யூ. ஷோர் ஏ 95. சைக்கிள் ரியூபைவிட எவ்வளவோ கடினம். கையால் வளைகிறது என்பதற்காக அது மென்மையான றப்பர் ஆகிவிடாது. வழுவழுப்பான பலகையில் வழுக்கும்.

கொஞ்சம் மென்மையாக்க வழி உண்டு: சுவர் இரண்டு கோடு மட்டும், உள்நிரப்பு கைரொயிட் எனப்படும் அலை வடிவில் 10 முதல் 15 சதவீதம். வேகம் செக்கனுக்கு 20 முதல் 30 மி.மீ., முனை 220 முதல் 230 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்து ஈரக்காற்றில் இரண்டு நாள் திறந்து கிடந்த சுருளில் பிறின்ற் எடுத்தால் முனையில் படபடவென்று வெடித்து, நூல் நூலாக இழுபட்டு, மேற்பரப்பு பொருக்காக வரும். 50 முதல் 55 பாகையில் ஐந்தாறு மணிநேரம் உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் தீர்ப்பு: ரி.பி.யூ.வை நிலத்தில் படவிடாதீர்கள். அதை உள் மெத்தையாக வைத்து, மேலே ரியூப் வளையத்தை ஏற்றினால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும்.

சிலிக்கோன் வார்ப்பு

துப்பரவான சுமோ மேடையில் இதை வெல்ல ஒன்றுமில்லை. ஷோர் ஏ 20ஐ ஒட்டிய சிலிக்கோன் மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும். கோடு தொடருவதற்கு 30 நல்லது. ஷோர் ஏ 10க்குக் கீழே போகவேண்டாம், ஓரம் பிய்ந்து வரும்.

வெளிவிட்டம் 32, உள்விட்டம் 26, அகலம் 15 மி.மீ. கொண்ட ஒரு ரயருக்கு 4.1 கன செ.மீ., ஏறத்தாழ 4.5 கிராம் போகும். நான்கு சில்லுக்கு 18 கிராம். கோப்பையில் ஒட்டுவதையும் சேர்த்து 28 கிராம் கலக்குங்கள். சிக்கல் இங்கேதான். தகரச் சேர்வையால் இறுகும் தகர வகைச் சிலிக்கோனில், அதை இறுக வைக்கும் 'இறுக்கி'த் திரவத்தை நூறுக்கு மூன்று என்று சேர்க்கவேண்டும் என்றால், 28 கிராமுக்கு 0.84 கிராம். சாதாரணச் சமையல் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் பாவிப்பதுபோன்ற, 0.01 கிராம் காட்டும் சிறு தராசு தேவை. இறுக்கி குறைந்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். கூடினால் கோப்பையிலேயே இறுகிவிடும், அதுவும் பங்குனி சித்திரை வெக்கையில் போத்தலில் போட்டிருக்கும் நேரத்தை நம்பவே வேண்டாம்.

பிளாற்றினச் சேர்வையால் இறுகும் பிளாற்றினம் வகை பெரும்பாலும் சரிக்குச் சரி கலப்பதால் அளப்பது சுலபம், ஆனால் கந்தகம் பட்டால் இறுகாது. லேற்றெக்ஸ் கையுறை வேண்டாம், நைத்திரைல் போடுங்கள். பிறின்ற் எடுத்த அச்சின் இரண்டு பாதியையும் இறுக்கிக் கட்ட ரியூப் வளையத்தைப் போடுகிறவர்கள் உண்டு. சிலிக்கோன் வழிந்து அந்த றப்பரைத் தொட்ட இடமெல்லாம் பச்சையாகவே கிடக்கும். ஒளியால் இறுகும் றெசினில் பிறின்ற் எடுத்த அச்சிலும் இதே தொல்லை வரும். பிறின்ரர்களில் சாதாரணமாகப் பாவிக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் அச்சில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது பொறி, ஒட்டாமை. சிலிக்கோன் சிலிக்கோனைத் தவிர வேறெதிலும் நம்பி ஒட்டாது. றிம்மின் சுற்றில் 3 மி.மீ. துளை எட்டுப் போட்டு, உள்ளே ஒரு வளையப் பள்ளமும் விட்டு, சிலிக்கோன் அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்படி வார்க்கவேண்டும். ஊற்றும்போது உயரத்திலிருந்து நூல்போல மெல்லியதாக ஊற்றினால் குமிழ் உடைந்து இறங்கும்.

இனித் தூசி. சிலிக்கோன் தூசியைக் காந்தம்போல் எடுக்கும். செம்மண் படிந்த பனரில் இரண்டு ஓட்டத்துக்குள் சில்லு மண்ணிறமாகி, ரியூபைவிட மோசமாக வழுக்கும். மாஸ்கிங் ரேப்பின் பசைப்பக்கத்தில் உருட்டி எடுத்தால் மீளும். ஓட்டத்துக்கு ஓட்டம் இதைச் செய்ய நேரம் கிடைக்காத போட்டி என்றால் சிலிக்கோனை விட்டுவிடுங்கள்.

பொலியூரித்தேன்

கிழியாமை, தேயாமை இரண்டிலும் சிலிக்கோனைவிட எவ்வளவோ மேல். ஷோர் ஏ 40 அளவில் வார்த்தால் கனமான றோபோவுக்கும் தாங்கும், றிம்மோடும் நன்றாக ஒட்டும். அதனாலேயே அச்சோடும் ஒட்டிக்கொள்ளும். மெழுகு பூசாமல் ஊற்றினால் அச்சை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். சிலிக்கோனில் அச்சுச் செய்து அதில் ஊற்றுவது நிம்மதி.

இங்குள்ள காலநிலைதான் இதற்கு எதிரி. கலவையின் ஒரு பாகமான ஐசோசயனேற்று, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிடும். ரயர் முழுக்கக் குமிழ். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஊற்றுவது வீண். ஒருமுறை திறந்த போத்தல் அடுத்த மாதம் நம்பகமாக இராது. ஒரே நாளில் இருபது முப்பது சில்லு வார்க்கும் கழகத்துக்குச் சரி, நான்கு சில்லுக்கு வாங்கினால் நட்டம். முழுப் பலம் வர ஒரு கிழமை எடுக்கும் என்பதால் போட்டிக்கு முதல்நாள் ஊற்றிப் பயனில்லை. காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம்.

றிம்

எந்த றப்பர் என்றாலும் றிம் அதே. சிறு றோபோக்களில் பாவிக்கும் என்20 கியர் மோட்டரின் தண்டு 3 மி.மீ., ஒரு பக்கம் தட்டையாகி 2.5 ஆக இருக்கும். பி.எல்.ஏ.யில் துளையை 3.1, 2.6 என்று வைத்துச் சிறு மாதிரித் துண்டொன்றில் பார்த்துவிட்டு முழுச் சில்லை எடுங்கள். இறுக்கமாக வந்தாலும் நாட்போக்கில் தளரும். லேத்தில் கடைந்த அலுமினியக் குடமும் தலையில்லாத எம்3 திருகாணியும் நிரந்தரத் தீர்வு. பி.எல்.ஏ. 60 பாகையை ஒட்டி இளகும். மத்தியான வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் றோபோவை வைத்துவிட்டு வந்தால், திரும்பிப்போகும்போது சில்லு முட்டை வடிவில் இருக்கும். ஓரத்தில் 0.5 மி.மீ. வரம்பு விடுங்கள், 1 மி.மீ. தடிப்புள்ள ரியூப் நகராது. பூப்போட்ட தவாளிப்பெல்லாம் விரிப்பிலும் நுரைப்பாயிலும் ஓடுகிறவற்றுக்கு. பனரிலும் பலகையிலும் வெறுமையான மேற்பரப்பே அதிகம் பிடிக்கும்.

முடிவெடுக்க முன் சரிவுச் சோதனை செய்யுங்கள். போட்டித் தளத்தின் துண்டொன்றை 60 செ.மீ. பலகையில் ஒட்டி, சில்லுகள் சுழலாதபடி கட்டிய றோபோவை வைத்து, ஒரு நுனியை மெல்ல உயர்த்துங்கள். 34 செ.மீ. உயரத்தில் வழுக்கினால் குணகம் 0.7, 42 செ.மீ. வரை நின்றால் 1. பிறகு கொஞ்சம் செம்மண் தூவி, துடைத்துவிட்டு, மறுபடியும் பாருங்கள். இரண்டாவது எண்ணை வைத்தே தெரிவு செய்யவேண்டும். கோடு தொடருவதற்கு இந்தச் சோதனையில் ரியூப் முன்னுக்கு வந்தால் வியப்படையாதீர்கள்.

சுமோவுக்குச் சிலிக்கோனோடு போகிறவர்களுக்கு ஒன்று. 80 கிராம் ஏ4 கடதாசியில் றோபோவை வைத்துத் தூக்கும்போது கடதாசி இரண்டு விநாடிக்கு மேல் ஒட்டியிருக்கக்கூடாது என்பது பல போட்டிகளில் உள்ள விதி. அற்ககோலால் துடைத்த உடனே சிலிக்கோன் இதில் தவறலாம். நடுவர் கடதாசியோடு வருமுன் நீங்களே வைத்துப் பாருங்கள். தொங்கினால் வெறும் தரையில் ஒரு முழம் உருட்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.