கிளட்ச் பெடல் கீழ போனதும் பிளேட்டை மாத்த ஒத்துக்காதீங்க

நம்ம குமரி மாவட்டத்துல பழைய பிக்கப் வெச்சுப் பிழைக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிச்சுக்கோங்க. எனக்கு 16,500 ரூபாயும் ஓண சீசன்ல ஒரு லோடு ஏத்தங்குலையும் (நேந்திரம் வாழைக்குலை) போச்சு.

வண்டி 2011 மாடல். எனக்கு முன்னால மீன் லோடு ஓடினது. ஐஸ் பெட்டியில இருந்து ஒழுகின உப்புத்தண்ணி வண்டியோட அடிச்சட்டத்தை, அதான் சேசிஸை, அங்கங்க தின்னு வெச்சிருந்தது. விலை குறைவுன்னு கண்ணை மூடிட்டு வாங்கினது என் தப்பு, அதை மறைக்கல. ஓணத்துக்கு முந்தின வாரம் திருவட்டார்ல குலை ஏத்திட்டு வரும்போது, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ கிளட்ச் மிதிச்சேன். பெடல் தரையில போய் ஒட்டிக்கிச்சு. கியர் விழல.

பக்கத்துல ஒரு ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போனோம். மெக்கானிக் வண்டிக்கு அடியில குனியக்கூட இல்ல. பெடலை ரெண்டு மிதி மிதிச்சுட்டு, "பிளேட் அவுட்டு அண்ணே. பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து மாத்தணும், கியர்பாக்ஸ் இறக்கணும்"னார். குலை வெயில்ல கிடக்குது, நான் என்னத்த யோசிக்க? சரின்னுட்டேன். சாயங்காலம் பழைய பிளேட்டைக் கேட்டா, பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரன் எடுத்துட்டுப் போயிட்டானாம். பில் கேட்டா, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்." என் மேல எவ்வளவு அக்கறை பாருங்க.

நாலாம் நாள் களியக்காவிளையில மறுபடியும் அதே கதை. அந்த லோடை வேற வண்டியில மாத்தி, கேட்ட விலைக்குக் கொடுத்துட்டு, காலி வண்டியைக் கிளட்ச் இல்லாமலே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். எஞ்சினை ஆஃப் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, அப்படியே செல்ஃப் அடிச்சா வண்டி குதிச்சுக் கிளம்பும். நிக்கிற இடத்துல எல்லாம் திரும்ப ஆஃப். முன்னால ஆள் நின்னா செத்தோம். யாரும் இதைச் செய்யாதீங்க.

மறுநாள் குலசேகரத்துல தெரிஞ்ச ஒரு மெக்கானிக் ஆசான்கிட்ட கொண்டு போனேன். வயசானவர். முதல் வேலையா அடியில படுத்தார். "மக்கா, பெடலை மெல்ல மிதி"ன்னார். மிதிச்சேன். "இங்க வந்து பாரு." பெடல் மிதிக்கிற அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியா கிளட்சுக்குக் கொண்டு போற பைப் ஒண்ணு சேசிஸ் ஓரமாப் போகும். அந்தக் கிளட்ச் பைப், கிளிப் பிடிக்கிற இடத்துல துருப்பிடிச்சு ஓட்டையாகியிருக்கு. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, நடுவுல பெட்ரோல் ஹோஸ் சொருகி, ரெண்டு பக்கமும் ஸ்குரூ கிளிப் போட்டு முறுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஹோஸ் பலூன் மாதிரி உப்பி, கிளிப் ஓரமா சொட்டுது. சுத்தி சேசிஸ் பெயிண்ட் கொப்புளிச்சு உரிஞ்சு கிடக்கு. பிரேக் ஆயில் பட்டா பெயிண்ட் அப்படித்தான் உரியும், அது ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு.

பிளேட்தான் கேடுன்னா அந்த மார்த்தாண்டம் மெக்கானிக் பைப்பை எதுக்கு வெட்டணும்? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கார்.

அதோட விடல. ஆசான் மேல இருக்கிற கிளட்ச் ஆயில் டப்பாவுல இருந்து ரெண்டு சொட்டு எடுத்து ஒரு கிளாஸ் தண்ணியில விட்டார். மேல வட்டமா மிதந்தது. "இது பிரேக் ஆயில் இல்ல மக்கா. பிரேக் ஆயில் தண்ணியில கலந்துரும். வேற எதையோ ஊத்தியிருக்கான்." பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரையும் கழட்டினா ரப்பர் வாஷர் எல்லாம் ஊறி உப்பியிருக்கு. புது பைப், புது ஹோஸ், ரெண்டு சிலிண்டருக்கும் ரப்பர் கிட், டாட் 3 பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,150 ரூபா. எந்த ஆயில் ஊத்தணும்னு டப்பா மூடியிலேயே எழுதியிருக்கு, நான்தான் அது வரைக்கும் படிச்சதில்ல. பிறகு நான் மிதிச்சுப் பிடிக்க, அவர் லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்துற நிப்பிளைத் திறந்து மூட, கண்ணாடிக் குழாயில முட்டை முட்டையா காத்து வந்து, அரை மணி நேரத்துல பெடல் கெட்டியாச்சு.

ஆசான் சொன்ன கணக்கு இது. பிளேட் தேய்ஞ்சா ஏத்தத்துல எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது, கருகின வாடை வரும். பெடல் பஞ்சு மாதிரி இறங்குறது, ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு கேக்குறது, டப்பாவுல ஆயில் குறையுறது, இதுக்கெல்லாம் முதல்ல ஆயில் போற லைனைப் பாக்கணும். உள்ள கிளட்சை இயக்குற ஃபோர்க் உடைஞ்சாலும் பெடல் கோளாறு வரலாம், இல்லேன்னு சொல்லல. ஆனா லைனைப் பாக்க பத்து நிமிஷம், கியர்பாக்ஸ் இறக்க ஒரு நாள். ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா விஷயம் அங்கதான்.

பில் இல்லாட்டியும் ஜிபேல பைசா போன கணக்கு இருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915ல கூப்பிட்டு விவரம் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னால அந்த மெக்கானிக்குக்கும் ஃபோன் பண்ணேன். பொறுமையா எல்லாம் கேட்டுட்டு, "புது பிளேட்தானே அண்ணே போட்டிருக்கு, அது நல்லாத்தானே ஓடுது?"ன்னார்.