ஒரே அடுப்பு, மூன்று இரத்த அறிக்கைகள்: சத்து மாத்திரை யாருக்கு வேண்டும்?

மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் காலை உணவு முடிந்ததும் ஆளுக்கொரு மல்டிவைட்டமின் மாத்திரை போடுவது வழக்கமாக இருந்தது. அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் என் மகன் மூவருக்கும் ஒரே டப்பாதான். சென்ற ஆடி மாதம் அதை நிறுத்திவிட்டேன். காரணம் அம்மாவின் செருப்பு. கோயிலுக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அம்மா வெறுங்காலோடு நாலைந்து அடி நடந்துவிட்டார். நான் சொல்லும்வரை அவருக்கு அது தெரியவேயில்லை.

இரவில் உள்ளங்கால் எரிகிறது என்று அவர் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பல வருடச் சர்க்கரை நோய், அதனால்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்து விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டோம். செருப்பு கழன்ற அன்று பயம் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைப் பட்டியலில் வைட்டமின் பி12 இருந்தது. அது குறைந்தாலும் நரம்புகள் கெட்டுக் கால் எரியும், மரத்துப்போகும். நானும் மகனும் கூடவே இரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு 128, எனக்கு 236, மகனுக்கு 410. ஆய்வக அறிக்கையில் 200-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று போட்டிருந்தது. ஒரே அடுப்பில் வேகும் சாப்பாடு, ஒரே டப்பா மாத்திரை. இருந்தும் மூன்று பேருக்கும் மூன்று கதை.

நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சத்து மாத்திரை தேவையா என்று கேட்டால் மூன்று வழிகள் சொல்வார்கள். சமச்சீர் உணவே போதும் என்பது ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று தினம் ஒரு மல்டிவைட்டமின் போட்டுக்கொள்வது இன்னொன்று. யாருக்கு எது குறையக் காரணம் இருக்கிறதோ, அதைப் பரிசோதித்துப் பார்த்து அதை மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம் நிற்கிறேன். நடுவில் உள்ளதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தந்துவிடும். முருங்கைக்கீரை, பருப்பு, நிலக்கடலை, தயிர் எல்லாம் தவறாமல் சாப்பிடும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும்பாலான வைட்டமின்களுக்கு மாத்திரை தேவையில்லை. நார்ச்சத்தையும் புரதத்தையும் எந்த மல்டிவைட்டமினும் தருவதில்லை. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

மல்டிவைட்டமினை ஒரு காப்பீடு போல நினைத்துத்தான் நானும் வாங்கினேன். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 14,641 ஆண் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. மல்டிவைட்டமின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆரோக்கியமாக இருந்த சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் அமெரிக்கர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. தினமும் மல்டிவைட்டமின் எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. நன்மை இருந்தாலும் சிறியது என்றே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தனித்தனி வைட்டமின்களை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது கெடுதலே வந்ததும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-இல் தெரிந்தது. வைட்டமின் இ கொடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011-இல் அறிவித்தார்கள். இவை மல்டிவைட்டமினில் உள்ளதைவிடப் பெரிய அளவுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நான் டப்பாவை நிறுத்தியதற்கு இந்த ஆய்வுகள் காரணமில்லை. சத்து உள்ளே போகிறதா என்ற ஒரே கேள்விதான் காரணம். தட்டில் என்ன இருக்கிறது, மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பேசுகிற அளவுக்கு, அதில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்று நாம் பேசுவதில்லை.

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. நமக்கு அது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக வருகிறது. எங்களைப் போன்ற சைவக் குடும்பத்துக்குப் பால் மட்டுமே வழி. நூறு மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டும். அம்மா இரண்டு வேளை காபிக்கும் மதியத் தயிருக்குமாக எடுக்கும் பால் முந்நூறு மில்லியைத் தாண்டாது. கணக்குப் போட்டால் பாதிதான் தேறுகிறது. மகனுக்கு 410 வந்ததில் வியப்பில்லை, அவன் வெளியே முட்டையும் மீனும் சாப்பிடுகிறவன். சாம்பார், பொரியல், கீரை, மோர் என்று எந்தக் குறையும் சொல்ல முடியாத இலைச் சாப்பாட்டில் இந்த ஓட்டை இருக்கிறது. பழைய சோற்றையும் இட்லி மாவையும் நம்பி இதை அடைக்க முடியாது. சத்துக்காக விற்கும் சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால் குறை உடனே தெரிவதும் இல்லை.

அந்தப் பாதியும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே. உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதை வயிற்று அமிலம் பிரிக்க வேண்டும். பிறகு வயிறு சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்க வேண்டும். அம்மா நெஞ்செரிச்சலுக்காக ஐந்து ஆண்டுகளாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். முன்னது பி12 பிரிவதைக் குறைக்கும், பின்னது குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரண்டையும் பல ஆண்டுகள் எடுப்பவர்கள் பி12 பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்களுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பரிசோதனைக்குப் பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இருபத்து மூன்று சத்துகளின் பட்டியலில் பி12 ஒரு மைக்ரோகிராம். மகனுக்கு அது தேவையே இல்லை. எனக்கு ஓரளவு உதவியிருக்கலாம். அம்மாவுக்கு அது எந்த மூலைக்கு? பி12 சேரும் அந்த வழியில் ஒரு வேளைக்கு ஒன்றரை இரண்டு மைக்ரோகிராம்தான் போகும். அதற்கு மேல் கொடுத்தால் சுமார் ஒரு சதவீதம் வேறு வழியாகத் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் குறைபாட்டுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரை தருகிறார்கள். அதில் பத்து உள்ளே போனாலே போதும். ஒரு மைக்ரோகிராமையும் ஆயிரத்தையும் ஒரே பெயரில் பி12 மாத்திரை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அதே டப்பாவில் ஃபோலிக் அமிலம் தாராளமாக இருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த இரத்தசோகையை ஆராய்ந்த மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம், என்று பின்னால் தெரிந்தது. ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாக எடுத்தால், பி12 குறைவால் வரும் இரத்தசோகையையும் அது சரிசெய்துவிடும். நரம்புச் சேதத்தை மட்டும் நிறுத்தாது. அம்மாவின் ஹீமோகுளோபின் 12.6, எந்த ஐயமும் எழாத எண். அந்த மாத்திரைதான் குறையை மறைத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் “தினமும் சத்து மாத்திரை போடுகிறாரே” என்ற நிம்மதி எங்கள் கண்ணை மறைத்தது, அது உண்மை.

கர்ப்பிணிகளை இந்த வாதத்துக்குள் இழுக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளைக் கட்டாயம் போட வேண்டும். அங்கே எது குறையும், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது வழியிலும் எனக்குத் தயக்கம் உள்ள இடம் வைட்டமின் டி. எனக்கு அது 17 நானோகிராம், குறைவு என்று வந்தது. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் 60,000 யூனிட் பொடி எடுத்தேன். அசதி குறைந்தது. அதே மாதங்களில் நடைப்பயிற்சியும் தொடங்கியிருந்ததால் பலன் எதனுடையது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குறை எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது. எனவே எல்லோரும் எல்லாப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொடியை வாரம் ஒன்று என்பதற்குப் பதில் தினம் ஒன்றாகத் தொடர்ந்து எடுத்துவிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும், மருந்துச் சீட்டைக் கடைக்காரரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மகன் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரை வாங்கியிருந்தான். முடிக்கு அது உதவுகிறதா என்று பார்க்கும் அளவுக்கு அவன் எடுக்கவில்லை. ஆனால் அதிக அளவு பயோட்டின் தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் எண்களையே தவறாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதை எச்சரித்திருக்கிறது. இரத்தம் கொடுக்கப் போகும்போது, எடுக்கும் சத்து மாத்திரைகளையும் சொல்லிவிட வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மூவருக்குமான டப்பாவுக்கு மாதம் தொள்ளாயிரம் ரூபாய் போனது. பி12 பரிசோதனைக்கு எங்கள் ஊரில் ஆளுக்கு எழுநூறு ரூபாய், அதுவும் எப்போதாவது ஒருமுறை.

இப்போது மகனுக்கு எந்த மாத்திரையும் இல்லை. நான் வாரத்தில் சில நாள் பி12 எடுக்கிறேன், பாலையும் கூட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு முதலில் ஊசி போட்டார்கள், இப்போது தினமும் ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரை. மூன்று மாதத்தில் இரவு எரிச்சல் பெரிதும் குறைந்துவிட்டது. மரத்துப்போன உணர்வு முழுதாகத் திரும்பவில்லை, சர்க்கரையின் பங்கும் அதில் இருக்கும் என்கிறார் மருத்துவர். பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.