காவிரி மேலாண்மை ஆணையம்: கடைமடைலேர்ந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணு. 2018லேர்ந்து, ஜூன்ல ஆரம்பிக்கற ஒவ்வொரு குறுவை நெல்லுக்கும், காவிரித் தண்ணிய மாநிலங்களுக்கு பிரிச்சு விடச் சொல்ற இந்த ஆணையத்தோட முடிவ பாத்துக்கிட்டே உக்காந்திருக்கற வீட்டுலேர்ந்து எழுதறேன். திருவாரூர் ஜில்லால கடைமடை, அதாவது வாய்க்கா தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம், எங்களுக்கு பத்து மா நெலம் (மூணு மா சுமார் ஒரு ஏக்கர்). மேட்டூர் தொறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்கு தண்ணி வந்துரும், ஆனா அங்கேர்ந்து எங்க வாய்க்காலுக்கு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால கர்நாடகாலேர்ந்து தண்ணி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற எல்லையான பிலிகுண்டுலுல இன்னிக்கு எவ்வளவுன்னு அப்பா கேக்கறது சும்மா பேச்சுக்கு இல்ல, நாத்து விடலாமா வேணாமான்னு முடிவு பண்ணத்தான்.

விவரம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். காவிரித் தண்ணில யாருக்கு எவ்வளவுன்னு தீர்க்க 1990ல நடுவர் மன்றம் போட்டாங்க, 2007ல இறுதித் தீர்ப்பு வந்துச்சு, அது கெசட்ல வரவே 2013 ஆயிடுச்சு. அப்புறம் 2018 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட், கர்நாடகா தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு விட வேண்டிய 192 டிஎம்சிய (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி) 177.25ஆ கொறச்சு, இத நடத்தறதுக்கு ஒரு அமைப்பு வைங்கன்னு சொல்லி, அந்த ஜூன்ல ஆணையம் வந்துச்சு. ஆணையம் டெல்லில, அதுக்கு கீழ ஒழுங்காற்றுக் குழு பெங்களூருல. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி நாலு பேரோட இன்ஜினியர்களும், பிலிகுண்டுலுல அளவெடுக்கற மத்திய நீர் ஆணையமும், மழை சொல்ற வானிலைத் துறையும் ஒரே டேபிள்ல உக்காந்து கர்நாடகாவோட கேஆர்எஸ், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நாலு அணைலயும் எவ்வளவு இருக்குன்னு பாத்து பேசணும். பிலிகுண்டுலுல வர வேண்டிய மாசக் கணக்கு தெளிவா இருக்கு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76 டிஎம்சி, இப்படியே மே வரைக்கும்.

எனக்குப் புடிச்சது எல்லாரும் ஒண்ணா உக்காரற இந்த டேபிள்தான். முன்னாடியெல்லாம் தண்ணி வரலன்னா பிரதமருக்கு கடிதம், சர்வகட்சிக் கூட்டம், கோர்ட்டுன்னு ஓடி அது முடியறதுக்குள்ள பயிர் காஞ்சுடும். இப்ப சண்டை போடறவங்களும் ஒரே நம்பர வச்சுக்கிட்டுதான் சண்டை போடறாங்க, இது சின்ன விஷயம் இல்ல. 2023 செப்டம்பர்ல 15 நாளைக்கு வினாடிக்கு 5000 கனஅடி விடுங்கன்னு குழு சொன்னுச்சு, சுப்ரீம் கோர்ட் நாங்க தலையிட மாட்டோம்னுடுச்சு, 26ந்தேதி பெங்களூரு பந்த், 29ந்தேதி கர்நாடகா முழுக்க பந்த். அந்த சூட்டுலயும் குழு கூட்டத்த நிறுத்தல.

அந்த 5000 கனஅடின்னா எவ்வளவுன்னு நாமளே கணக்கு போட்டுக்கலாம். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. அப்ப 15 நாளைக்கு 6.48 டிஎம்சி வரும், ஆனா செப்டம்பருக்கு மட்டும் வர வேண்டியது 36.76. மேட்டூர் கொள்ளளவே 93.47 டிஎம்சி. இந்த கணக்கு தெரிஞ்சதுக்கப்புறம் டிவில ஓடற செய்திய நான் வேற மாதிரிதான் பாக்கறேன்.

அந்த வருஷம் எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, ஜூன் 12 மேட்டூர் தொறந்துட்டாங்கன்னு நம்பி நாத்து விட்டோம், கதிர் வர்ற நேரத்துல முறை வச்சு தண்ணி விட்டாங்க, எங்க முறை வர்றதுக்குள்ள வயல் வெடிச்சுடுச்சு, பக்கத்து போர்வெல்லுல காசு கொடுத்து தண்ணி வாங்குனா அதுல உப்பு. அக்டோபர் 10ந்தேதி மேட்டூரையே மூடிட்டாங்க. பத்து மால நாலு மா அறுத்தோம், அதுவும் பாதி பதரு.

கர்நாடகாவுல மண்டியா விவசாயி தப்பு பண்ணாருன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் அவருக்கும் மழை இல்ல, பெங்களூரு குடிக்கறதும் இதே காவிரிதான். பிரச்சனை எங்கன்னா, மழை கொறஞ்சா பற்றாக்குறைய அவங்கவங்க பங்குக்கு தக்கபடி பிரிச்சுக்கணும்னு தீர்ப்புல சொல்லியிருக்கு, ஆனா எப்படி பிரிக்கறதுன்னு நாலு மாநிலமும் ஒத்துக்கிட்ட ஒரு பார்முலா 2023லயும் இல்ல. நல்ல வருஷத்துக்கு ஆணையமே தேவையில்லங்க, ஆறே வந்துரும். 2022ல வெள்ளம் வந்து மே 24ந்தேதியே மேட்டூர் தொறந்தாங்க, கொள்ளிடம் வழியா கடலுக்குப் போனதுதான் அதிகம். வறட்சி வருஷத்துக்காக வச்ச அமைப்பு வறட்சி வருஷத்துலதான் கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்குது, நான் ஒரு ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான்.

எல்லாத்தையும் ஆணையம் தலைலயே போடவும் மனசு வரல. 2018 ஆகஸ்ட்ல தண்ணி கரைபொரண்டு வந்துச்சு, அந்த 22ந்தேதி முக்கொம்புல கொள்ளிடம் அணையோட ஒன்பது மதகு ஒடச்சுக்கிட்டு போச்சு, அவ்வளவு தண்ணிலயும் எங்க வாய்க்கா கோரை மண்டி காஞ்சு கெடந்துச்சு. அதுக்கு டெல்லில பதில் இல்ல, நம்ம ஊர்லதான் தூர் வாரணும்.

இன்னொரு ஸ்டார் போனது விவசாயிக்கு அந்த டேபிள்ல நாற்காலி இல்லாததுக்கு. இதுக்கு முன்மாதிரியே இருக்கு. 2003ல சென்னை எம்ஐடிஎஸ் ஆய்வு நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சில தமிழ்நாடு, கர்நாடகா ரெண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து காவிரி குடும்பம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நம்ம விவசாயிங்க அங்க போயி அணைய பாத்தாங்க, கர்நாடகா விவசாயிங்க இங்க வந்து டெல்டா வயல பாத்தாங்க. கோர்ட்டுக்கு வெளிய அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு நெனச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும். அத அப்படியே எடுத்து ஒழுங்காற்றுக் குழுவோட சேத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

தண்ணியோட தரமும் இந்த கணக்குல வரல, பிலிகுண்டுலுல எத்தன டிஎம்சின்னுதான் பாக்கறாங்க. திருப்பூர் சாயத்தண்ணி நொய்யல்ல எறங்கி, 1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணையே சாயக்குட்டையா ஆனது ஈரோடு, கரூர் பக்கம் இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், அந்த நொய்யலும் காவிரிலதான் கலக்குது.

ஒண்ணு மட்டும் பண்ணா இன்னொரு ஸ்டார் தாராளமா கொடுப்பேன். மே கடைசில, நாங்க வெத வாங்கறதுக்கு முன்னாடி, நாலு அணை இருப்பும் மழை கணிப்பும் வச்சு, இந்த வருஷம் குறுவை போடலாம் இல்ல நேரா அடுத்த பட்டமான சம்பாவுக்கு போங்கன்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் ஒரே பக்கத்துல சொல்லிடுங்க. கொறச்சுதான் தர முடியும்னாலும் பரவாயில்ல. செப்டம்பர்ல தெரியற சேதி அப்பாவுக்கு மே மாசமே தெரிஞ்சிருந்தா அந்த ஆறு மா நாத்துக்கு போட்ட காசாவது மிஞ்சியிருக்கும்.