மான்களின் அடர்த்தி: நேர்தடத்தில் நடப்பதா, கேமரா வைப்பதா?

உடலிலுள்ள வரிகளையோ புள்ளிகளையோ வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிற புலி, சிறுத்தைக்குத் தானியங்கி கேமராதான். அதில் விவாதமே இல்லை. எதிரெதிராக இரண்டு கேமரா வைத்து இரு விலாவையும் படமெடுத்தால் போதும், எது எங்கே மறுபடி சிக்கியது என்பதிலிருந்தே அடர்த்தி, அதாவது சதுர கிலோமீட்டருக்கு எத்தனை விலங்கு என்பது, வந்துவிடும். சிக்கல் மான், காட்டுப்பன்றியில்தான். அவற்றுக்கு நான், காட்டில் நேர்க்கோட்டுத் தடத்தில் நடந்து கண்ணில் படுவதை எண்ணும் நேர்தட முறையையே தேர்ந்தெடுப்பேன்.

காரணம் பரப்பளவு. எத்தனை விலங்கைப் பார்த்தோம் என்பதை எந்த முறையும் சொல்லும். எவ்வளவு இடத்தைப் பார்த்தோம்? நேர்தடத்தில் அதற்கான விடை களத்திலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு கூட்டமும் தடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்று அளந்தால், தூரம் கூடக் கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்ற வளைவு வரும். அந்த வளைவு, ஒரு பக்கத்துக்குப் பயனுறு அகலம் (தவறவிட்டதையும் கணக்கில் கொண்டால், முழுதாகப் பார்த்ததற்குச் சமமான அகலம்) 40 மீட்டர் என்கிறது என வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. நடந்தால் பார்த்த பரப்பு 2 × 0.04 × 50 = 4 சதுர கி.மீ. 80 கூட்டம் தென்பட்டிருந்தால் சதுர கிலோமீட்டருக்கு 20 கூட்டம். அதைச் சராசரிக் கூட்ட அளவால் பெருக்க வேண்டும். வளைவு நம்பும்படி அமையக் குறைந்தது 60 முதல் 80 பதிவுகளாவது வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் கோணத்தில். லேசர் தூரமானியில் விலங்குக்கு உள்ள தூரமும், திசைகாட்டியில் தடத்துக்கும் விலங்குக்கும் இடையிலான கோணமும் எடுத்து, தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்குகிறோம். 60 மீட்டரில் 5 பாகைக் கோணத்தில் நிற்கும் மான் தடத்திலிருந்து 5.2 மீட்டர் தள்ளியிருக்கிறது. "நேரே முன்னால்தானே" என்று கோணத்தைப் பூஜ்யமாக எழுதினால் தூரமும் பூஜ்யமாகிவிடும். இப்படிப் பத்துப் பதிவு சேர்ந்தால் வளைவு தொடக்கத்திலேயே செங்குத்தாகச் சரியும், பயனுறு அகலம் சுருங்கும், அடர்த்தி பொய்யாக ஏறும். மான் நம்மைக் கண்டு விலகிய பிறகு அளந்தால் எண் நேர்மாறாக இறங்கும். முதலில் நின்ற இடத்துக்குத்தான் அளக்க வேண்டும். கூட்டமென்றால் அதன் நடுப்புள்ளிக்கு.

ஒவ்வொன்றாக அடையாளம் காண முடியாத விலங்குக்குக் கேமரா வழியில் போனால், கடந்துபோன எண்ணிக்கையை அடர்த்தியாக மாற்ற விலங்கின் சராசரி வேகம் தேவை. வேகத்தைப் பாதியாக வைத்தால் அடர்த்தி இரட்டிப்பாகும். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மணிக்கு ஒருமுறை இடம் காட்டினால், வளைந்து வளைந்து மேய்ந்த பாதை நேர்க்கோடாகச் சுருங்கி, வேகம் குறைவாகவே வரும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஓர் எண்ணை வெளியிலிருந்து கடன் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பத்து மீட்டருக்கு மேல் கண் எட்டாத புதர்க்காட்டில் இதே உறுதியோடு பேச மாட்டேன். தடத்தின்மேல் நிற்பதை ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவோம் என்பதுதான் நேர்தடத்தின் அடித்தளம். அங்கே அதுவே ஆட்டம் காணும். இரவில் மட்டும் நடமாடும் விலங்குக்கும் அப்படித்தான். அத்தகைய இடத்தில் கேமராவே மேல். அதை விலங்குப் பாதையிலும் நீர்நிலையிலும் கட்டாமல், குலுக்கல் முறையில் விழுந்த புள்ளிகளில் மட்டுமே கட்ட வேண்டும்.