ஐகாம் எச்எம்-219: கூட வரும் கை மைக்கே போதுமா?

ஐகாம் கம்பெனியின் ஐசி-7300 ஹாம் (அமெச்சூர்) ரேடியோவோடு வரும் எச்எம்-219 மைக்கை மாற்ற அவசரப்படாதீர்கள். தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே பேசுகிற எனக்கு, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசும் கை மைக்தான் சரிப்படுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய மேசை மைக் (பெயர் வேண்டாம்) ஃபேன் சத்தத்தையும் சேர்த்து நாற்பது மீட்டர் அலைவரிசையில் ஏற்றிவிட்டது.

அமைப்புதான் முக்கியம். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனைச் சுமை) மாட்டி, கம்ப்ரெஸரை (குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) அணைத்துவிட்டு, மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) 50 சதவீதத்தில் தொடங்கி, வழக்கமான குரலில் பேசிக்கொண்டே ஏஎல்சி மீட்டர் (குரல் அளவுக்கு மீறினால் காட்டுவது) அதன் எல்லையைத் தாண்டாதபடி கூட்டிக் குறையுங்கள். கத்தினால் தூரம் போகாது, பக்கத்து அலைவரிசைக்காரர் திட்டுவார், அவ்வளவுதான். அரட்டைக்கு, அனுப்பும் குரலின் அகலம் 300-2700 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் நன்றாக இருக்கிறது. தூரத்து நிலையத்தைப் பிடிக்க 500-2500க்கு மாறி, பாஸை (கனத்த ஒலியை) கொஞ்சம் குறைத்தால் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். அப்புறம் கம்ப்ரெஸர்: 10 டெசிபலைத் தாண்டவே வேண்டாம். ஹெட்போன் மாட்டி, ரேடியோவின் மானிட்டர் வசதியில் உங்கள் குரலை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வேறு மைக்தான் வேண்டுமென்றால், ரிச்சி தெருவில் எட்டு பின் பிளக் வாங்கிச் சால்டர் வைக்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்: ஐகாமில் இரண்டாம் பின்னில் 8 வோல்ட் வரும், மற்ற கம்பெனிகளில் பின் வரிசை வேறு.