‘குவாரண்டைன் முடித்த மீன்’ என்ற பெயரில் நோய் மீன் விற்கிறார்கள்: காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தார் கவனத்துக்கு

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் மிகச் சிலரே என்பதால், பவுடர் ப்ளூ டாங் போன்ற மீன் வேண்டுமென்றால் வெளியூர் வியாபாரியையே நம்ப வேண்டியிருக்கிறது. அப்படியொரு வியாபாரி, ‘குவாரண்டைன் முடித்தது’ என்று சொல்லி வழக்கமான விலையைப் போல ஒன்றரை மடங்கு பெற்றுக்கொண்டு, எந்தச் சிகிச்சையும் பெறாத மீன்களை எனக்கு விற்றார். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

நான் வாங்கியது ஒரு பவுடர் ப்ளூ டாங்கும் ஒரு ஜோடி க்ளவுன் மீனும். “அண்ணே, மூணு வாரம் தனியா வச்சு, காப்பர் போட்டு எடுத்த மீனு. நீங்க நேரா மெயின் டேங்குலயே விடலாம்” என்றார் கடைக்காரர். காப்பர் என்றது ஒட்டுண்ணியைக் கொல்ல நீரில் கலக்கும் செம்பு மருந்தை. டாங் இனமே ஒட்டுண்ணி நோய்களுக்கு எளிதில் ஆளாவது. அதனால் யார் என்ன சொன்னாலும், வீட்டின் இரண்டாம் கட்டில் வெயில் எட்டாத மூலையில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளும் மட்டுமே கொண்ட வெறும் கண்ணாடித் தொட்டியில்தான் புது மீனை விடுவது என் வழக்கம். பெரிய தொட்டியிலிருந்த பழைய மீன்கள் தப்பியது இதனால்தான்.

பையைப் பிரித்ததுமே முதல் சந்தேகம் வந்தது. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பைத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.017 என்று காட்டியது; கடல்நீரின் இயல்பான அளவு 1.025 அருகே இருக்க வேண்டும். உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகள் வெளியே தெரியாமல் அடக்கி வைக்கவும் சில கடைகள் இப்படி நீரை மெலிதாக வைப்பதுண்டு. செம்புச் சோதனைக் கருவி பூச்சியம் காட்டியது. அதை மட்டும் வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை முடிந்தபின் செம்பைக் கரியால் வடித்து நீக்கிவிடுவதும் முறையே.

அந்த வாரம் முடிவதற்குள் டாங் இரையைத் தொடாமல் விட்டது. விளக்கைப் போட்டால் குழாய்க்குள் ஒளிந்தது. மற்ற நேரமெல்லாம் பம்ப்பின் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, செவுள்மூடி படபடக்க மூச்சு வாங்கியது. இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, மேனி முழுவதும் மஞ்சள்பொடியை மெல்லத் தூவினாற்போல் மிக நுண்ணிய துகள்கள் தெரிந்தன. படமெடுத்து அனுப்பினேன். “அது சாதா ஐச் தாண்ணே, ஹீட்டரை முப்பத்திரண்டுக்கு ஏத்துங்க, தீனியில பூண்டுச் சாறு கலந்து குடுங்க” என்று அடுத்த நிமிடமே பதில் வந்தது.

இந்த ஆலோசனையின் ஒவ்வொரு சொல்லும் தவறு. அவர் ‘ஐச்’ என்ற கடல்நீர் இக் நோயில் உப்புக் கல்லைப் போன்ற தனித்தனி வெண்புள்ளிகள் எண்ணிவிடும் அளவில் தெரியும். மீன் பெரும்பாலும் சில நாள் தின்றுகொண்டும் திரிந்துகொண்டும் இருக்கும். துகள் கண்ணில் படுவதற்கு முன்பே மூச்சிரைப்பும் ஒளிக்கூச்சமும் வருமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெல்வெட் எனப்படும் அமிலூடினியம் நோய். அது முதலில் செவுளைத் தாக்குவதால் சில நாளிலேயே உயிரைக் குடித்துவிடும். வெப்பத்தை ஏற்றுவது நன்னீர் இக் நோய்க்குரிய பழைய வைத்தியம். இங்கே அதைச் செய்தால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, ஏற்கெனவே செவுள் அடைபட்ட மீன் இன்னும் விரைவாகத் திணறும். அதிலும் சித்திரை வெயிலில் தொட்டியை 26 பாகைக்குக் கொண்டுவரவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாத ஊரில், ஹீட்டரை ஏற்றச் சொன்ன வாயை என்னென்பது! பூண்டு இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பதற்குச் சான்று கிடையாது.

உடனே செம்பு மருந்து வேண்டுமென்று கேட்டேன். லேபிள் இல்லாத ஒரு புட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். சொன்ன அளவை ஊற்றியதும் தண்ணீர், ஸ்பாஞ்ச், கண்ணாடியின் சிலிக்கோன், என் விரல் எல்லாம் ஊதாநீலமாயின. மீனுக்குக் கொடுக்கும் அளவில் செம்பு நீருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி நிறம் கொடுப்பதில்லை. வந்தது மெத்திலீன் ப்ளூ என்பதில் எனக்கு ஐயமில்லை. வெல்வெட்டை அது தீர்க்காது, ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். மறுநாள் டாங் செத்தது.

கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் என் மைத்துனர், செத்த மீனின் செவுள் இழையைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில், உருண்டையும் பேரிக்காய் வடிவுமாக, அசையாமல் இழையோடு ஒட்டிக்கிடந்த உடல்கள் வரிசையாகத் தெரிந்தன. கடல்நீர் இக் என்றால் பெரிய உயிரி மெல்லச் சுழன்றபடி இருக்கும். க்ளவுன் மீனை அதிகம் தாக்கும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி என்றால் சிறுநீரக வடிவில் விரைந்து ஓடும். இது வெல்வெட்டேதான்.

க்ளவுன் ஜோடியைப் புது நீருக்கு மாற்றி, வேறிடத்திலிருந்து வரவழைத்த அயனிச் செம்பை லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவில் தினமும் சோதித்து நிறுத்தி வைத்தேன். (கீலேட் வகைச் செம்புக்கு அளவு இதைவிடப் பல மடங்கு கூடுதல், புட்டியில் எந்த வகை என்று பார்க்காமல் ஊற்றக்கூடாது.) செம்பு கொல்வது நீரில் நீந்தித் திரியும் கட்டத்திலுள்ள ஒட்டுண்ணியைத்தான், மீனில் ஒட்டியிருப்பதையும் தரையில் கூடு கட்டிப் பிளந்துகொண்டிருப்பதையும் அது தொடாது. ஆகவே மேனி தெளிந்துவிட்டது என்று இடையில் நிறுத்தாமல் வாரக்கணக்கில் அளவைக் காக்க வேண்டும். ஜோடியில் ஒன்று பிழைத்தது.

பிறகு நியாயம் கேட்டபோது, தாம் சொன்னதை நிறுவுவதற்காகக் கடைக்காரரே தம் ‘குவாரண்டைன் தொட்டி’யின் வீடியோவை அனுப்பினார். அதில் கல்லின்மேல் ஓர் இறால் ஊர்ந்துகொண்டிருந்தது. முதுகெலும்பில்லா உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. சிகிச்சை அளவில் இறாலோ நத்தையோ உயிரோடிராது. கல்லும் பவள மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் அந்தத் தொட்டியில் அளவை நிலைநிறுத்தவும் இயலாது. நேரில் போனபோது மிச்சமும் தெரிந்தது. தனித்தொட்டி என்று காட்டியதும் விற்பனைத் தொட்டிகள் அத்தனையும் நீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் ஒரே அடித்தொட்டியில் (சம்ப்) குழாய் வழியே இணைந்திருந்தன. நேற்று இறங்கிய மீனின் நோய் இன்று எல்லாத் தொட்டிக்கும் போகும்.

பணத்துக்குப் பதிலாக அதே தொட்டிகளிலிருந்து வேறு மீன் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். அவர் தந்தது துண்டுச் சீட்டுதான். ஆனாலும் பணம் செலுத்திய பதிவு, குவாரண்டைன் என்று எழுதிய செய்தி, வீடியோ மூன்றும் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இனி வாங்குவோர் என்ன செம்பு, எந்த அளவில், எத்தனை நாள், எந்தக் கருவியால் சோதித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொட்டியின் குழாய் எங்கே போகிறது என்றும் குனிந்து பாருங்கள். அண்மையில் இப்படி இணைப்புத் தொட்டியிலிருந்து டாங்கோ க்ளவுனோ வாங்கி நேரே பெரிய தொட்டியில் விட்டவர்கள், இன்றிரவே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேனியைப் பார்த்து, மூச்சின் வேகத்தைப் பழைய மீனோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள்; வேறுபாடு தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் எல்லா மீனையும் சிகிச்சைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, பெரிய தொட்டியைக் குறைந்தது ஆறு வாரம் மீனின்றி ஓடவிடுங்கள்.