பின் சீட்டுக்குக் கீழே ஒரு சல்லடை

சிங்கப்பூரில் பழைய ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த கார்) வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரிக் காற்றுச் சல்லடையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 2019இல் பதிவான 1.8 லிட்டர் ஜப்பானிய ஹைபிரிட் ஓட்டுகிறேன். என் எரிச்சலெல்லாம் அந்தச் சல்லடை மேல்தான்.

முதலில் ஹைபிரிட்டின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுக்கிறது. அதே அளவுள்ள 1.6 பெட்ரோல் கார் 12 கொடுத்தால் பெரிது. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டர் 2.90 வெள்ளி என்று வைத்தால் மிச்சம் ஏறக்குறைய 1,550 வெள்ளி. சாலை வரியில் 1.6க்குச் சுமார் 740, 1.8க்குச் சுமார் 975. அதைக் கழித்தாலும் 1,300 கையில் நிற்கும். ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் பாதி நேரம் தூங்குகிறது. பிரேக் பேட் தேயவே மாட்டேன் என்கிறது. தேயாததால் காலிப்பர் பின் இறுகிப்போகும், வருஷம் ஒருமுறை கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கியர்பாக்ஸில் பெல்ட் கிடையாது, அறுந்துபோகும் பயமும் இல்லை.

இனி சல்லடை. பேட்டரியைக் குளிர வைப்பது காருக்குள் இருக்கும் ஏர்கான் காற்று. பின் சீட்டின் முன்விளிம்பில், கால் படும் இடத்தில் உள்ள கிரில் வழியாக ஒரு விசிறி அதை இழுக்கிறது. கார்பெட் தூசி, தலைமுடி, முறுக்குத் தூள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கவனிக்காமல் விட்டால் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல அடைத்துக்கொள்ளும். அப்புறம் பேட்டரி சூடாகும், கம்ப்யூட்டர் மின்னோட்டத்தைக் குறைக்கும், எஞ்சின் அடிக்கடி விழித்துக்கொள்ளும். 21 இருந்தது 18 ஆகும். அதுதான் முதல் அறிகுறி. இரண்டாவது, வெயிலில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது பின்னாலிருந்து விசிறி இரைவது. மூன்றாவது, டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணமும் பேட்டரி கெட்டதைச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும். பேட்டரியில் கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். ஒரு பல்லைப் பிடுங்கினால் அடுத்தது ஆடும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

சுத்தம் செய்யப் பத்து நிமிஷம் போதும். வண்டியை அணைத்துவிட்டு கிரில்லைப் பிடித்து இழுத்தால் கிளிப் விடும். சல்லடையை எடுத்து வேக்குவம் பிடியுங்கள், கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். ஆனால் சர்வீஸ் பில்லில் இந்த வரி இருக்கிறதா பாருங்கள். பல பட்டறைகளில் சொன்னால்தான் செய்வார்கள்.

டீசலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 2025 ஜனவரி 1 முதல் புது டீசல் கார் பதிவே கிடையாது. 2019இலிருந்து லிட்டருக்கு 20 காசு தீர்வை, அதற்குமேல் தனி வரி. தோ பாயோவிலிருந்து பக்கத்திலுள்ள பீஷான் வரை மட்டும் ஓடும் வண்டியில் புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தப்படுத்தும் சூட்டையே எட்டாது. பாதியில் நின்ற எரிப்பின் டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். மாதம் இருமுறை கோலாலம்பூர் போகிறவருக்கு மட்டும் அது சரி.

மறுவிற்பனை மதிப்பில்தான் ஹைபிரிட் காலை வாருகிறது. இங்கே பழைய காரின் விலை என்பது மீதமுள்ள சிஓஇயும் (பத்து வருஷம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமை) பார்ஃபும்தான் (பத்து வருஷத்துக்குள் காரைக் கழித்தால் அரசு திருப்பித் தரும் தொகை). 2019இல், புகை குறைவான கார்களுக்கான ஏ2 பிரிவில் வந்த ஹைபிரிட்டுக்கு 10,000 வெள்ளி தள்ளுபடி கிடைத்தது. அந்தத் தள்ளுபடி கூடுதல் பதிவுக் கட்டணத்தில் கழிந்ததால், பார்ஃபும் உண்மையில் கட்டிய தொகையை வைத்துத்தான் கணக்காகும். ஓஎம்வி, அதாவது காரின் இறக்குமதி மதிப்பு, 22,000 என்றால் கட்டணம் 22,800, தள்ளுபடி போக 12,800. பத்தாம் வருஷம் அதில் பாதி, 6,400. அதே வருஷம் பதிவான, ஓஎம்வி 18,000 உள்ள சாதாரண பெட்ரோல் காருக்கு 9,000 வரும். வாங்கும்போது சிரித்தவர் கழிக்கும்போது முழிக்கிறார். இரண்டாம் உரிமையாளருக்கோ தள்ளுபடியின் பலனும் இல்லை. விற்பவர் பேப்பர் விலை (மீத சிஓஇயும் பார்ஃபும் சேர்ந்தது) இவ்வளவு என்றால், பார்ஃப் தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு என்னவோ ஹைபிரிட் பக்கம்தான். இருந்தாலும் இன்று சல்லடையைக் கழுவிய கையோடு சொல்கிறேன், எனக்கு அடுத்தது 1.6 பெட்ரோல். நீங்கள் ஹைபிரிட்தான் என்று நின்றால், பேரம் பேசுமுன் பின் சீட்டடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூனை முடி தெரிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.